நீங்கள் எனக்குக் கொடுத்த நிழல்

தம்பி,

நீ இங்கே வர வேண்டாம். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் இரண்டு வரிக்கு மேல் நீ வாசிப்பதில்லை என்று உன் அம்மா ஏற்கெனவே புகார் சொல்லியிருக்கிறாள். உன் விசாவுக்காக இங்கே அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நேற்றுக் காலை நானே போய் நிறுத்திவிட்டு வந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ பதில் பேச மாட்டாய். நீ பேசாமல் இருப்பது எனக்குக் கோபத்தைக் கிளப்பும். கோபத்தில் கத்துவேன். சொல்ல வந்தது ஒன்று, சொன்னது ஒன்று என்றாகிவிடும். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள். நீ வாசித்து முடித்ததும் உன் அம்மாவும் ரிஸ்வானாவும் வாசிக்கட்டும். வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மருமகளுக்கு முன்னால் மாமனாரின் மானம் போகிற இடங்கள் இதில் உண்டு. போகட்டும்.

நீ வெளிநாடு வருவதென்று முடிவு செய்தது யார் என்று இந்த இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ இல்லை. கல்யாணம் பேசி முடித்த அன்று நான் ஓமானில் இந்தக் கேம்ப் அறையில்தான் இருந்தேன். கூத்தாநல்லூரில் உன் மாமனார் வீட்டுக் கூடத்தில், பிஸ்கட் தட்டுக்குப் பின்னால் ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் இருந்து பேசினேன். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாரோ கேட்டார்கள். உன் பெரிய மாமா, "குத்தகைக்கு வயல் எடுத்துப் பண்றாரு, டிராக்டர் இருக்கு, வாடகைக்கும் ஓட்டறாரு" என்றார். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. போன்தான் நின்றுபோய்விட்டதோ என்று நான் இங்கே திரையைத் தட்டிப் பார்த்தேன். போன் நிற்கவில்லை. அவர்கள்தான் நின்றுபோயிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "கல்யாணம் முடிஞ்சு மூணு மாசத்துல நானே கூட்டிக்கறேன், என் இடத்துக்கே வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். உடனே கூடத்துக்கு உயிர் வந்தது. பிஸ்கட் தட்டு கை மாறியது. திரையின் ஓரத்தில் உன் சட்டைக் கை மட்டும் எனக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. போனைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி உன் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை.

நீயும் மறுப்புச் சொல்லவில்லை. அத்தா இன்னும் எத்தனை வருசம் வெயிலில் நிற்பார், நான் போய் நின்றால் அவர் வந்துவிடலாமே என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். இங்கே கம்பெனியிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். வயதாகிவிட்டது, உன் இடத்துக்கு நம்பிக்கையான ஆள் ஒருவனைக் கொடு, கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். நீ சொன்னதை உன் அம்மா சொல்லக் கேட்டபோது என் கண் நிறைந்துவிட்டது. என் பிள்ளை, என் பிள்ளை என்று அறையில் இருந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஆக, இதில் யாரும் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. எல்லாம் பாசத்தில் செய்ததுதான். அதனால்தான் இதை நிறுத்துவது இத்தனை கஷ்டமாக இருக்கிறது.

இப்போது என் விடுமுறைக் கதைக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கு நான் ஊர் வந்து இறங்கியதும் உன் அம்மா முதலில் பார்த்தது என் நிறத்தைத்தான். கரிக்கட்டை மாதிரி வந்து நிற்கிறீர்களே, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குக் கவலை. வெளிநாட்டில் பிழைக்கிற சபராளி ஊருக்கு வந்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும், சதை போட்டுத் திரும்ப வேண்டும். அது அவன் வீட்டாரின் மரியாதை. நம் ஊரில் இதற்கு யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் நடக்கிறது. மறுநாளே பயத்தமாவைத் தயிரில் குழைத்து என் முகத்தில் அப்பினாள். நான் சத்தம் போட்டேன். நீ வாசலில் நின்று சிரித்தாய். பிறகு நானும் ஒன்றும் சொல்லாமல் முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது.

எனக்கென்றே மாடி அறையில் புது ஏசி மாட்டி வைத்திருந்தாய். பகல் முழுக்க அதற்குள்தான் இருந்தேன். சாப்பாடு மேலே வந்தது. பார்க்க வந்தவர்கள் மேலே வந்தார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கிற பள்ளிவாசலுக்கு லுஹர் தொழுகைக்குப் போக நான் செருப்பைத் தேடினால் நீ கார் சாவியைத் தேடுவாய். நடந்து போனால் என்னடா என்று ஒரு நாள் கேட்டேன். "அங்கதான் காயறீங்க, இங்கயும் காயணுமா அத்தா" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, ஏசியின் காற்றை என் பக்கம் திருப்பிவிட்டு, தெருவில் வேர்த்து நடந்து போகிறவர்களை ஒரு ஜமீன்தாரைப் போலப் பார்த்துக்கொண்டு போனேன்.

வயலுக்குக் கூட்டிப் போனதும் அப்படித்தான். கோடை உழவு ஓட்டிப் போட்டிருந்தாய். நான் இறங்கி வரப்பில் நடந்து பார்க்கிறேன் என்றேன். மண் அனலடிக்கும், கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, உடம்புக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று நீ விடவில்லை. காரை ரோட்டு ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடியைக்கூட இறக்காமல், எங்கிருந்து எதுவரைக்கும் உன் குத்தகை, எந்த மதகிலிருந்து தண்ணீர் பாயும், நாற்றங்கால் எந்த மூலையில் விடப்போகிறாய் என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னாய். அவ்வளவு நேரம் நீ பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு டக்கென்று நிறுத்தி, "இந்தக் குறுவைய கூட்டாளிகிட்ட விட்டுட்டு வரணும்" என்றாய். அந்த இடத்தில் நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். நான் கண்ணாடிக்கு உள்ளே குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று எல்லோரிடமும் பயணம் சொல்லிவிட்டு வந்து மாடியில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது ரிஸ்வானா டீ கொண்டுவந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னிடம் நேராக அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"மாமா, அங்க வெயில் ரொம்ப இருக்குமா?"

"எல்லாம் ஏசிதாம்மா. ரூம் ஏசி, பஸ் ஏசி. ஸ்டோர் வேலைதானே" என்றேன்.

ரூமில் ஏசி உண்டு, பஸ்ஸிலும் உண்டு. அதில் பொய் இல்லை. ஆனால் ஸ்டோர் என்றால் நீங்கள் எல்லோரும் கூரையும் மேசையும் அலமாரியும் உள்ள ஓர் இடத்தை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நானும் திருத்தியதில்லை. என் ஸ்டோர் என்பது கடலோரத்தில் ஒரு பொட்டல், யார்டு என்பார்கள். இரும்புக் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். எந்த அடுக்கு எந்த லாரிக்கு என்று பார்த்துக் கிரேனில் ஏற்றிவிடுவது என் வேலை. நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகை, அதற்கு அடியில் தண்ணீர் கூலர், அவ்வளவுதான். மத்தியானத்தில் சில மணி நேரம் வேலையை நிறுத்திவைப்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் வெயிலோடுதான் குடித்தனம். மகளே, நீ இதை வாசிக்கும்போது தெரிந்துகொள். நீ கேட்டது சரியான கேள்வி, நான் சொன்னது சரியான பதில் இல்லை.

விடுமுறை முடிந்து திரும்புகிறவனின் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் சொல்வதில்லை. விமானத்தின் கதவு திறந்ததும் ஒரு காற்று முகத்தில் அடிக்கும், பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்ததும் வருகிற ஆவி மாதிரி, ஆனால் அது நிற்காது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கேம்ப் அறையில் என் கட்டிலில் யாரோ அட்டைப் பெட்டிகளை வைத்திருந்தார்கள், எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் படுத்தேன். உன் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாயையும் தம்ரோட் இனிப்பையும் எல்லோரும் சேர்ந்து தீர்த்தார்கள். வீட்டுச் சாப்பாட்டின் வாசனை கையில் இருக்கும்போதே அழுகை வரும். வரக்கூடாது என்று வெளியே போய் நிற்பேன். இத்தனை வருசமாகியும் இது எனக்குப் பழகவில்லை. எத்தனை தடவை திரும்பி வந்தாலும் முதல் தடவை வந்தவன் மாதிரிதான் இருக்கிறது.

மனசுக்கு அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். உடம்புக்கும் அப்படித்தான் என்று இந்த முறைதான் தெரிந்தது. முன்பெல்லாம் நான் குளிர்காலத்தில் லீவு எடுத்துக் குளிர்காலத்திலேயே திரும்பிவிடுவேன். ஊரில் ஏசியும் கிடையாது, காரும் கிடையாது. உன் கல்யாணத்துக்காக இந்த முறை கோடையில் போய், கொதிக்கிற நாளில் திரும்பினேன். வேலைக்குப் போன இரண்டாம் நாள் காலையிலேயே தலை சுற்றியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒன்றும் நடக்காத மாதிரி நின்றேன். பழைய ஆள் நான், எனக்கு வெயில் புதிதா என்று ஒரு திமிர். அன்று மாலை உன் அம்மா போனில் கேட்டாள், நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்றேன். ஊரிலிருந்து வந்து இறங்கியவன் கெட்ட சேதி சொல்லக்கூடாது, அவனுக்கும் யாரும் சொல்லக்கூடாது. நாமெல்லாம் அப்படித்தானே வைத்திருக்கிறோம்.

என்னோடு அதே விமானத்தில் திரும்பியவன் செல்வம். நாகப்பட்டினத்துக்காரன், மீனவ வீட்டுப் பிள்ளை, உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவனாக இருப்பான். குழாய்க் கட்டுக்குச் சங்கிலி மாட்டி, கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்டுவது அவன் வேலை. குழந்தைக்குப் பெயர் வைக்கப் போய்விட்டு வந்தான். விமானத்தில் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னான், தம்பிமார்கள் அவனைப் படகில் ஏறவே விடவில்லையாம், அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று கடற்கரைக்கே விடவில்லையாம், வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து வஞ்சிரமாகப் பொரித்துப் போட்டார்களாம். நாங்கள் இரண்டு பேரும் யார் வீட்டில் மரியாதை அதிகம் என்று போட்டி போட்டுக்கொண்டு வந்தோம். முதல் நாள் யார்டில் அவனை இரண்டு நாள் கொட்டகையில் லேபிள் ஒட்டும் வேலையைப் பார்க்கச் சொன்னேன். லீவிலிருந்து வந்ததும் நிழலில் உட்கார்ந்தால் மற்றவன் என்ன நினைப்பான் என்று கேட்டான். நான் வற்புறுத்தவில்லை. நானும் அதே நினைப்பில்தானே வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், பத்து மணி இருக்கும். கட்டு ஒன்றை லாரியில் இறக்க வேண்டும். செல்வம் லாரிக்குப் பக்கத்தில் நின்று சைகை கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டு லாரிக்கு மேலே வந்து தொங்குகிறது. இறக்கு என்று விரலைக் கீழே காட்ட வேண்டியவன் கையை மேலே தூக்கினான். கட்டு மேலே ஏறியது. எனக்குப் புரியவில்லை. செல்வம், செல்வம் என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை. கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழல ஆரம்பித்தது. அதற்கு நேர் கீழே லாரிக்காரர் இறங்கி நிற்கிறார். நான் இரண்டு கையையும் விரித்துக் கத்திக்கொண்டே ஓடினேன். கிரேன்காரர் என்னைப் பார்த்து நிறுத்தினார். லாரிக்காரர் குனிந்து வெளியே பாய்ந்தார். செல்வம் மட்டும் அப்படியே நின்றான், கை மேலேயே இருந்தது. கிட்டே போய் அவன் தோளைத் தொட்டேன். சட்டை வழியாகவே சுட்டது. முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. என்னைப் பார்த்தான், நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு என் மேலேயே விழுந்தான்.

கொட்டகைக்கு இழுத்துப்போய் உடுப்பைக் கிழித்து, கூலரைச் சாய்த்து முழுத் தண்ணீரையும் அவன் மேல் ஊற்றினோம். ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம் அவன் கால் உதறிக்கொண்டே இருந்தது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதிக்கொண்டே போனேன். தம்பி, எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. செல்வத்துக்காக மட்டுமில்லை. அந்த வண்டிக்குள் வேறு யாருடைய கால் என் கையில் இருப்பதாகத் தோன்றியது என்பதை நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். உடுப்பைக் கிழித்தபோது எடுத்து வைத்த அவன் போன் என் பையில் இருந்தது. சிறிது நேரத்தில் அது அடித்தது. திரையில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். அடித்து நின்றது, மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்தேன். அவன் மனைவி. அவர் எங்கே என்று கேட்டாள்.

"டூட்டியில இருக்கான்மா. போனை என்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கான். சாயந்தரம் கூப்பிடுவான்" என்றேன்.

"நல்லா இருக்காருல்ல?"

"நல்லா இருக்கான்மா."

கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற மாதிரி வந்தது. அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள். நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாளைக்கு நீ இந்த யார்டில் நிற்பாய். உன் போன் இன்னொருவன் பையில் அடிக்கும். ரிஸ்வானா நல்லா இருக்காருல்ல என்று கேட்பாள். அவன் எவனோ ஒரு நல்ல மனிதன், என்னைப் போலவே இரக்கப்பட்டு, என்னைப் போலவே தடுமாறாமல் சொல்வான். அவளும் நம்பி, உனக்குப் பிடித்த குழம்பைப் பற்றி நினைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போவாள். அதை நினைத்ததும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

மலையாளத்து நர்ஸ் ஒருத்தி வந்து விவரம் கேட்டாள். லீவிலிருந்து வந்து எத்தனை நாள், ஊரில் வெயிலில் போனாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, இந்த மாதத்தில் வருகிறவர்களில் பலர் லீவிலிருந்து திரும்பியவர்கள்தான் என்றாள். வெயிலைத் தாங்குகிற பழக்கம் சில வாரம் நிழலில் இருந்தால் உடம்புக்கு மறந்துபோய்விடுமாம். மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டுமாம். எத்தனை வருசம் இங்கே இருந்தவனானாலும் அதே கதைதானாம். நான் மாடி அறையை நினைத்துக்கொண்டேன். ஏசி மாட்டிய உன்னை, மாவு அப்பிய உன் அம்மாவை, கார் சாவியை. நீங்கள் யாரும் தெரிந்து செய்யவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்கும் தெரியவில்லை. இப்போது உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நிழல் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

செல்வம் பிழைத்தான். மறுநாள் கண் திறந்தான். சிறுநீரகத்தைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள், ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தான், குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வீட்டுக்குச் சொல்லலியே பாய்?"

சொல்லவில்லை என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். செத்துப் பிழைத்து வந்தவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். எனக்கு வந்த கோபத்தில் அவனைத் திட்டிவிட்டேன், படுத்திருக்கிறவன் என்றுகூடப் பார்க்காமல். உன் பெண்டாட்டிக்குச் சொல்லாமல் வேறு யாருக்குடா சொல்வாய் என்று கேட்டேன். பிறகு போனை அவன் கையிலேயே வைத்து, நீ பேசுகிறாயா நான் பேசட்டுமா என்றேன். அவனே பேசினான். அவள் அழுதது எனக்கும் கேட்டது. வெளியே வந்தபோது உன் அம்மாவிடம் நான் மறைத்த வாந்தி நினைவுக்கு வந்தது.

மறுநாளே அலுவலகத்துக்குப் போய் உன் காகிதத்தை நிறுத்தச் சொன்னேன். ஆள் கொடுக்காவிட்டால் வருசக் கடைசி வரை நான் இருந்தாக வேண்டும் என்றார்கள். இருக்கிறேன் என்றேன். இதைப் பெரிய தியாகமாக நினைத்து நீ உருக வேண்டாம். இப்போது கொட்டகையிலேயே பாதி நேரம் உட்காருகிறேன், நினைக்கிறவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கிறேன். தலை சுற்றினால் வாயைத் திறந்து சொல்கிறேன். என் உடம்பு வெயிலோடு மெல்ல மெல்ல மறுபடி சமாதானம் ஆகிக்கொண்டிருக்கிறது. குளிர் வந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

எனக்கா வெயில் புதிது, சித்திரையில் டிராக்டர் ஓட்டுகிறவன் நான் என்று நீ சொல்வாய். சொல்லத்தான் செய்வாய், அதில் என் ரத்தம் தெரிகிறது. உன் வெயிலில் உனக்கு முடியவில்லை என்றால் வண்டியை அணைத்துவிட்டுப் புளியமரத்தடியில் போய்ப் படுப்பாய். ஏன் படுத்தாய் என்று கேட்க ஆளில்லை. இங்கே நீ எழுந்து போக வேறொருவன் கை காட்ட வேண்டும். அவன் கை காட்டுவதற்குள் நீ யார் என்று உனக்கே மறந்துவிடும். இந்த வித்தியாசம் பெரியது தம்பி.

உன் மாமனாருக்கும் நானே போன் செய்தேன். நேற்று மாலை. பையனை இப்போது கூப்பிடவில்லை என்றேன். தாமதமாகிறதா என்று கேட்டார். இல்லை, நிறுத்திவிட்டேன் என்றேன். பிறகு சொன்னார்: "எல்லாருக்கும் முன்னாடி வாக்கு குடுத்தீங்க சம்பந்தி. அந்த வாக்கை நம்பித்தான் பொண்ணைக் குடுத்தேன்." அதில் ஒரு தவறும் இல்லை. நான் செல்வத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, போகிறவன் எல்லாருமா விழுந்துவிடுகிறான் என்றார். எல்லாரும் விழுவதில்லை, எவன் விழுவான் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் பயம் என்றேன். "சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன். மாப்பிள்ளை வாயாலயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சலாம்கூடச் சொல்லவில்லை.

ஆக, வெள்ளிக்கிழமை அவர் வருவார். தனியாக வர மாட்டார், இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். உட்காரவை. டீ கொடு. தரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. மறுபடியும் உனக்காக முடிவு செய்ய நீங்கள் யார் என்று நீ என்னைக் கேட்கலாம், நியாயமான கேள்வி. உனக்கே வெளிநாடு போக ஆசை இருந்தால் அதை அவரிடம் சொல், என்னிடமும் சொல். குளிர் காலத்தில், உன் பெயரில், உனக்குப் பிடித்த வேலைக்கு. நான் யார் காலில் வேண்டுமானாலும் விழுந்து ஏற்பாடு செய்கிறேன். வயல்தான் வேண்டும் என்றால் காரில் உட்கார்ந்து என்னிடம் விரல் நீட்டி நீட்டிச் சொன்னாயே, அதையே அவரிடமும் சொல். ரிஸ்வானா என்ன நினைக்கிறாள் என்று அதற்கு முன்னால் அவளிடம் கேட்டுக்கொள். எங்களில் ஒருவரும் இதுவரை அவளைக் கேட்கவில்லை. நான் கொடுத்த வாக்குக்காகவும், எனக்குப் பதிலாகவும் மட்டும் நீ இங்கே வராதே.

அவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இவ்வளவும் உன் வாயில் வராது என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் பரவாயில்லை. எங்க அத்தாதான் கெடுத்துட்டாரு, நான் என்ன செய்யறது என்று சொல்லிவிடு. சத்தமாகவே சொல். அவர்கள் என்னை வாக்குத் தவறியவன் என்பார்கள், வயதான காலத்தில் புத்தி கெட்டவன் என்பார்கள், உன் அம்மா உள்ளிருந்து சண்டைக்கு வரப் பார்ப்பாள், அவளைப் பிடித்துக்கொள். நீ ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாதே. என்ன பேசினாலும் அது எனக்குக் கேட்கப் போவதில்லை. நீ பிறந்தபோது நான் அங்கே இல்லை, உன் நன்னா மவுத்தாகி அடக்கம் செய்தபோது இல்லை, உனக்குப் பெண் பேசியபோதும் இல்லை. நான் இவ்வளவு தூரத்தில் இருந்தது உங்களுக்கு ஒரு நாளும் உதவியதில்லை. இந்த ஒரு தடவை இந்தத் தூரம் உனக்கு உதவட்டும். பழி முழுவதையும் கடலுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டு நீ உன் வீட்டில் இரு.

உன் அத்தா